மியூசிக்கல் சேரில் விழுந்த டீச்சர் சபைக்கே வருவதில்லை: இந்த ஆண்டு விளையாட்டே வேண்டாமா?

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 27, பள்ளி ஆசிரியை, தன் சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளர். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சுமார் 120 பேர் கூடும் சபை. அறுப்பின் பண்டிகைக்கு (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் சபைப் பண்டிகை) அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தை ஒட்டிய ஹாலில் ‘ஐக்கிய மாலை’ நடக்கும். இரண்டு மணி நேரம் விளையாட்டு, பிறகு சாப்பாடு.

போன வருடம் மூன்று சங்கடங்கள். பெண்களுக்கான மியூசிக்கல் சேரில், அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் நாற்காலிக்குப் பாய்ந்து, வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. விழுந்ததும் ஹாலே சிரித்தது. ஒரு பையன் எடுத்த வீடியோ அன்று இரவே சபை வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் பொம்மைகளோடு ஓடியது. கட்டுப் பிரித்த பிறகும் அவர் வரவில்லை. இப்போது பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போகிறார். அடுத்தது, தம்பதியருக்கான பலூன் ஆட்டம். கல்யாணமாகி எட்டு வருடமாகக் குழந்தைக்குக் காத்திருக்கும் ஒரு ஜோடியைப் பார்த்து மைக் பிடித்தவர், “அடுத்த வருஷம் மூணு பேரா வரணும்” என்றார். அவர்கள் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். கடைசியாக வேத வினாடி வினா. ஆறாவது வருடமாக ஒரே குடும்பம் ஜெயித்ததால் இப்போது மற்றவர்கள் பெயர் கொடுப்பதே இல்லை.

இந்த வருடம் கமிட்டியில் மூத்தவர் ஒருவர் விளையாட்டே கூடாது என்கிறார். ஆண்களுக்குக் கயிறு இழுத்தல் வைத்தால் போதும் என்கிறார் பொருளாளர். ‘வாலிபரே முடிவு செய்யட்டும்’ என்று ஐயர் ஒதுங்கிக்கொண்டார் (சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, சபைகளில் ஆயரை அப்படித்தான் அழைப்போம்). சகோதரி கேட்பது: எல்லோரும் சேரும்படி என்ன விளையாடலாம்? பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுப்பவர்களைப் பிடித்து இழுத்து வந்துவிட்டால் அப்புறம் அவர்களே ரசிப்பார்கள் அல்லவா? பரிசைக் குக்கர், மிக்சி என்று பெரிதாக்கினால் கூட்டம் வருமா? மறுபடி யாராவது விழுந்தால் போலீஸ் கேஸ் ஆகுமா? அந்த டீச்சர் ‘கொஞ்சம் தொட்டாச்சிணுங்கி’, அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது?

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டுப் பட்டியல் தருகிறேன், ஆனால் அந்த டீச்சர் விஷயம் அப்படியே கிடந்தால் எந்தப் பட்டியலும் உதவாது.

முதலில் அந்த டீச்சர்

அவரைத் தொட்டாச்சிணுங்கி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வருடம் பிள்ளைகள் முன்னால் நிமிர்ந்து நின்றவர், தன் சபையார் முன்னால் சேலை விலகத் தரையில் கிடந்திருக்கிறார். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். சிரிப்புச் சத்தம் காதில் இருந்துகொண்டே இருக்கும். அதையும் மறக்க முயன்றிருப்பார், வீடியோ வந்திராவிட்டால். ஆலயத்துக்குள் நுழையும்போது எதிரே வரும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்தவர்தான் என்று அவருக்குத் தெரியும். அப்படி ஒரு இடத்துக்கு வாராவாரம் போக எனக்கும் கால் வராது.

வீடியோ இன்னும் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொருவரும் தங்கள் போனிலிருந்து நீக்கும்படி கேளுங்கள். இவ்வளவு நாள் கழித்து எல்லோருக்கும் சேர்த்து நீக்க வாட்ஸ்அப் விடாமல் போகலாம். ஏற்கெனவே வெளியே போன பிரதிகளை யாரும் திரும்பப் பிடிக்க முடியாது, அதையும் அவரிடம் ஒளிக்க வேண்டாம். அப்புறம் அவர் வீட்டுக்குப் போங்கள். கமிட்டியாகப் போகாதீர்கள், பழப்பையோடு ஏழு பேர் போய் நின்றால் அது இன்னொரு மேடை. நீங்களும் வீடியோ எடுத்த பையனும் போதும், அவனுக்கு மனம் இருந்தால். “யாரும் வேணும்னு செய்யல” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘நாங்கள் சிரித்தோம், படம் பரவியபோது யாரும் தடுக்கவில்லை, தப்பு’ என்று சொல்லிவிட்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். அன்றைக்கே ஐக்கிய மாலைக்கு அழைக்காதீர்கள். ஆள் சேர்க்க வந்தார்கள் என்று ஆகிவிடும். திரும்பி வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

வைத்தியச் செலவைச் சபை ஏற்றதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் கமிட்டியில் இப்போதாவது பேசுங்கள். போலீஸ் கேஸ் பற்றி: நான் வக்கீல் இல்லை. பொதுவாகச் சொன்னால், விருப்பப்பட்டுச் சேர்ந்த விளையாட்டில் தவறி விழுவது குற்ற வழக்காவது அரிது. ஆனால் தரை ஈரமாக இருந்ததை, நாற்காலி ஆடியதைத் தெரிந்தும் விட்டிருந்தால் நடத்தியவர்கள் பதில் சொல்ல வேண்டி வரலாம். டைல்ஸ் தரை, சேலை, வேகம், பிளாஸ்டிக் நாற்காலி: இந்த நான்கும் ஒன்று சேராமல் பார்த்துக்கொள்வதே உங்கள் பொறுப்பில் பாதி.

பின்வரிசைக்காரர்கள்

இழுத்து வந்துவிட்டால் ரசிப்பார்கள் என்பது பாதி உண்மை. சிலர் ஒருமுறை கூப்பிட்டால் மறுப்பார்கள், இரண்டாவது முறைக்குக் காத்திருப்பார்கள். நம் ஊர் மரியாதை அப்படி. ஆகவே இரண்டு முறை கூப்பிடுங்கள். மூன்றாவது முறை வேண்டாம், கையைப் பிடிப்பது எப்போதுமே வேண்டாம். உட்கார்ந்திருப்பவருக்கு மூட்டுவலி இருக்கலாம், மாதவிலக்காக இருக்கலாம், வீட்டில் துக்கம் நடந்து நாற்பது நாள் ஆகாமல் இருக்கலாம். காரணத்தை மைக்கில் கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு 22 வயதிருக்கும்போது ஒரு பெண்கள் கூடுகையில் பார்சல் சுற்றும் ஆட்டம் நடத்தினேன். பாட்டு நின்றால் கையில் பார்சல் இருப்பவர் ஒரு சீட்டு எடுத்து அதில் உள்ள ‘தண்டனை’யைச் செய்ய வேண்டும். ஒரு சீட்டில், ‘உங்கள் கணவரைப் போல நடித்துக் காட்டவும்’ என்று எழுதியிருந்தேன். அதை எடுத்த அக்கா கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை ஓங்கி அடிப்பதுபோலக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன். அது நடிப்பில்லை என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. அதற்குப் பிறகு ‘தண்டனை’ என்ற சொல்லையே விளையாட்டில் பயன்படுத்துவதில்லை. சீட்டு வேண்டுமானால் ஒருவருக்கு மூன்று நீட்டுங்கள். பிடித்ததைச் செய்யட்டும், பிடிக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கட்டும்.

தம்பதியர் ஆட்டத்தை அடியோடு விடச் சொல்வேன். சபையில் விதவைகள், பிரிந்து வாழ்பவர்கள், துணை வேறு மதமாக இருப்பதால் தனியாக வருபவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அந்த இருபது நிமிடமும் அவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பது? அந்த ஜோடியிடம் நீங்களாகப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். கேட்கவேண்டியவர் மைக் பிடித்தவர். தனியாக, இரண்டே வாக்கியத்தில். ‘உங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்பதை அதில் சேர்த்தால் பழைய புண்ணையே மறுபடி தொட்டதாகும்.

நாற்காலிக் கணக்கு

மியூசிக்கல் சேரை எல்லோருக்கும் பிடித்த ஆட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். 30 பேர் ஆடினால் 29 சுற்று. சுற்றுக்கு 45 விநாடி என்றால் கிட்டத்தட்ட 22 நிமிடம். முதலில் வெளியேறுபவர் 21 நிமிடம் சும்மா நிற்கிறார். முதலில் வெளியேறுவது யார்? கால் வலி உள்ளவர், கனமான உடம்புக்காரர், இடித்துத் தள்ளக் கூச்சப்படுபவர். யாரை உள்ளே இழுக்கவேண்டும் என்று நீங்கள் கவலைப்படுகிறீர்களோ அவர்களைத்தான் இந்த ஆட்டம் முதலில் வெளியே அனுப்புகிறது.

போட்டியில்லாத விளையாட்டுகளைப் பற்றி 1970களில் நிறைய எழுதிய கனடா உளவியலாளர் டெரி ஆர்லிக், இதை மாற்றி ஆடச் சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலி மட்டும் குறையும், ஆள் குறையக்கூடாது; மிச்சமிருக்கும் நாற்காலிகளில் எல்லோரும் எப்படியாவது இடம் கண்டுபிடிக்க வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இது அற்புதமான ஆட்டம். பெரியவர்களுக்கு நம் சபைகளில் சரிவராது, ஒருவர் மடியில் ஒருவர் உட்கார முடியுமா? பாயை விரித்து, ஒவ்வொரு சுற்றிலும் மடித்துச் சிறிதாக்கி, ‘எல்லோருடைய ஒரு காலாவது பாய்மேல் இருக்கவேண்டும்’ என்று வையுங்கள். ஆண்கள் தனிப் பாய், பெண்கள் தனிப் பாய். பாய் வழுக்கும் தரையென்றால் சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளலாம்.

வேத வினாடி வினா

நிறுத்த வேண்டாம், ஆனால் குடும்ப அணியை உடையுங்கள். வாசலில் வரும்போதே ஆறு நிற ரிப்பன் துண்டுகளில் ஒன்றைக் கையில் கொடுங்கள், நிறம்தான் அணி. (பிறந்த மாதப்படி அணி பிரிக்கலாம் என்று புத்தகங்கள் சொல்லும். எங்கள் ஊரில் ஒருமுறை செய்து பார்த்தேன். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட ஜூன் மாதத்தில்தான் பாதிப் பெரியவர்கள் பிறந்திருந்தார்கள்.)

கேள்வி கேட்பதற்குப் பதில் நடிப்பு வையுங்கள். சகேயு மரம் ஏறியது, யோனாவை மீன் கக்கியது, நோவா பேழைக்குள் பிடிவாதமான கழுதையை இழுத்தது. வாய் திறக்காமல் நடிக்க, அணி கண்டுபிடிக்கவேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பாட்டியும் போன மாதம் சபையில் சேர்ந்தவரும் இதில் சமம். பழைய கீர்த்தனையின் முதல் வரியை முனகிக் காட்டிக் கண்டுபிடிக்கச் சொல்வது இன்னொன்று. அதில் எழுபது வயதுக்காரர்களை யாரும் அசைக்க முடியாது. எப்போதும் ஜெயிக்கும் அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவிடாதீர்கள். கேள்வியும் நடிப்புக் காட்சியும் தயாரிக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

சரி, வேறு என்ன விளையாடுவது?

மாலையைத் தொடங்க ‘ஆள் தேடும் தாள்’ நல்லது. ஒரு தாளில் 16 கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு வரி: இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், பனையேற்றம் பார்த்த வீட்டில் பிறந்தவர், தந்தி அனுப்பியிருப்பவர், ஏழு பேரோடு பிறந்தவர், தேங்காய் உரிக்கத் தெரிந்த வாலிபர். ஹாலில் அலைந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருத்தமான ஆளிடம் கையெழுத்து வாங்கவேண்டும், ஒருவரிடம் ஒன்றுதான். இதில் எனக்குப் பிடித்தது, நாற்காலியை விட்டு எழாத பெரியவர்களைத் தேடிச் சின்னப் பிள்ளைகள் ஓடுவது. “தாத்தா, நீங்க தந்தி அனுப்பியிருக்கீங்களா?” என்று கேட்டால் கையெழுத்தோடு ஒரு கதையும் வரும். பின்வரிசைக்காரர்களை முன்னால் இழுக்கும் வேலை மிச்சம். விளையாட்டு அவர்களிடம் போய்விட்டது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் பெயரைப் பிள்ளைகளே எழுதிக்கொள்ளட்டும்.

உட்கார்ந்த இடத்தில் ஆட ‘மண டப்பா’. எட்டு சிறு டப்பாக்களில் சுக்கு, ஓமம், பெருங்காயம், கருப்பட்டி, வெந்தயம், கிராம்பு என்று போட்டு, மேலே துணி கட்டி, அணி அணியாகச் சுற்றவிடுங்கள். முகர்ந்து பார்த்து எழுதவேண்டும். ஓமத்துக்கும் சீரகத்துக்கும் ஆண்கள் படும் பாட்டைப் பார்ப்பதே தனிச் சுகம்.

ஓட விரும்பும் பிள்ளைகளுக்கும் வாலிபருக்கும் வெளியே மண்ணில் ‘கொலை கொலையா முந்திரிக்கா’, ‘பூப்பறிக்க வருகிறோம்’. பெரியவர்கள் பலருக்கு வரிகள் மனப்பாடம் என்பதால் சுற்றி நின்று பாடவாவது செய்வார்கள். பலூன் ஆட்டம் வைத்தால் உடைந்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், தவழும் குழந்தைகள் வாயில் போட்டால் மூச்சடைக்கும். அதே காரணத்துக்காக வேகமாகப் பன் தின்னும் போட்டி யாருக்குமே வேண்டாம்.

முடிவாக ஏலம். உங்கள் சபையில் ஏற்கெனவே ஒரு அருமையான குழு விளையாட்டு இருக்கிறது, நீங்கள் அதை விளையாட்டாகப் பார்க்கவில்லை. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பூசணிக்காயை ஏலம் விடும்போது ஹால் எப்படிக் கலகலக்கிறது! யாரும் வெளியேற்றப்படுவதில்லை, யாரும் விழுவதில்லை. ஒரே குறை, காசு உள்ளவர் மட்டுமே ஆடலாம். அதனால் காசுக்குப் பதில் புளியங்கொட்டை. குடும்பத்துக்கு 50, தனியாக வந்தவருக்கும் அதே 50. செய்தித்தாளில் சுற்றிய பத்துப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஏலம் விடுங்கள். ஒன்றில் விளக்குமாறு, ஒன்றில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒன்றில் ஒரே ஒரு எலுமிச்சை. இரண்டு மூன்றில் வெறும் சீட்டு: ‘வாலிபர் இருவர் வந்து உங்கள் வீட்டு ஒட்டடை அடித்துத் தருவார்கள்’, ‘ஐயர் உங்கள் வீட்டில் வந்து டீ போட்டுத் தருவார்’. ஐயரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசும் கயிறும் பொன் கன்றுக்குட்டியும்

குக்கர் பரிசு வைத்தால் கூட்டம் வரும்தான், சண்டையும் வரும். நியாயாதிபதிகள் 14ஆம் அதிகாரத்தைக் கமிட்டிக்கு நினைவுபடுத்துங்கள். கல்யாண விருந்தில் சிம்சோன் ஒரு விடுகதை போட்டான். பந்தயம் 30 உடுப்பு. தோற்க மனமில்லாத 30 தோழர்கள் அவன் மனைவியை மிரட்டி விடையை வாங்கினார்கள், கடைசியில் 30 பேர் கொலையில் முடிந்தது. உங்கள் ஹாலில் அவ்வளவு தூரம் போகாது. கடலைமிட்டாய்ப் பாக்கெட் போதும், அதையும் அணி முழுவதற்கும் கொடுங்கள். வாலிபர் நிதிக்காக ரூ.50 சீட்டு விற்று ஹவுஸி (எண்களை அழைத்து அடிக்கும் தம்போலா ஆட்டம்) நடத்தும் யோசனையும் உங்கள் கடிதத்தில் ஓரமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை உண்டு. காசுக்குச் சீட்டு, அதிர்ஷ்டத்துக்குப் பரிசு என்று போகும்போது ஒரு வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள். இலவசமாக ஆடினால் இந்தத் தலைவலி இல்லை.

பொருளாளரின் கயிறு இழுத்தலை நான் மறுக்கவில்லை, ஆனால் அது முப்பது ஆண்களின் ஆட்டம், மற்ற தொண்ணூறு பேருக்கு வேடிக்கை. வைப்பதானால் தடித்த கயிறு, மண் தரை. கையிலோ இடுப்பிலோ யாரும் சுற்றிக்கொள்ளக் கூடாது. 1997இல் தைவானின் தைபே நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து இழுத்தபோது கயிறு அறுந்து இருவருக்குக் கையே போனது. உங்கள் கயிற்றில் அத்தனை பேர் இல்லைதான். கொடிக்கயிற்றை எடுத்து வந்து இழுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

கமிட்டி மூத்தவர் யாத்திராகமம் 32ஐக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள்: ஜனங்கள் உண்டு குடித்து விளையாட எழுந்த இடம், பொன் கன்றுக்குட்டி விக்கிரகத்துக்கு முன்னால். பதிலுக்கு நீங்கள் சகரியா 8ஐ எடுக்கலாம். எருசலேமின் வீதிகள் விளையாடும் பிள்ளைகளால் நிறைந்திருக்கும் என்று வாக்குக் கொடுக்கும் பகுதி அது, அதற்கு முந்தின வசனத்தில் கோல் ஊன்றிய கிழவர் கிழவிகளும் அதே வீதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் வசனத்துக்கு வசனம் வைத்து அவரை ஜெயிப்பதால் உங்களுக்கு என்ன லாபம்? போன வருடம் அவர் கண்ணால் பார்த்தது ஒரு எலும்பு முறிவையும், சாப்பிடாமல் போன ஒரு ஜோடியையும். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இந்தப் பட்டியலைக் காட்டி, எது அவருக்கு நெருடுகிறது என்று கேளுங்கள். ஒன்றிரண்டை அவர் வெட்டினால் வெட்டட்டும். ஏலம் விடும் குரல் அவருக்கு உண்டென்றால் சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

மைக் யாரிடம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆளின் நிறம், உடம்பு, கல்யாணம், குழந்தை, வேலை, இவற்றை வைத்து ஜோக் அடிப்பவர் எவ்வளவு கலகலப்பானவராக இருந்தாலும் வேண்டாம். படம் எடுப்பதற்கும் ஒருவரை மட்டும் நியமித்து, குழுவில் போடுவதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

ஒரு வேலையை இப்போதே தொடங்குங்கள். முப்பது குடும்பம், குடும்பத்துக்கு 50 என்றால் 1,500 புளியங்கொட்டை வேண்டும். தனியாக வருபவர்களுக்கு இன்னும் ஒரு 500. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் வீட்டுக்கு வீடு கேட்டுச் சேர்த்துவிடுவார்கள். எண்ணும் வேலை மட்டும் உங்கள் தலையில் விழும்.